டர்பைன் பிளேடின் சொரசொரப்பும் எல்லைப்படலமும்: சோதனைக்கு இறங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எல்லைப்படலம் என்று எதைச் சொல்கிறோம்?

ஜெட் எஞ்சின் டர்பைனில் பிளேடின் பரப்பைத் தொடும் காற்று நின்றுவிடுகிறது. சற்றே மேலே அது முழு வேகத்தில் ஓடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் வேகம் பூஜ்யத்திலிருந்து முழு அளவுக்கு ஏறும் மெல்லிய பகுதிதான் எல்லைப்படலம். படலம் குலையாமல் அடுக்கடுக்காக வழுக்கிச் சென்றால் அது லேமினார். சுழல்கள் புகுந்து கலக்கிவிட்டால் டர்புலன்ட். ஒன்று மற்றொன்றாக மாறுவது நிலைமாற்றம். பிளேடின் வடிவத்தால் வரும் இழப்பில் (காற்றின் மொத்த அழுத்தத்தில் வரும் குறைவில்) பெரும்பங்கு இந்தப் படலத்துக்குள்தான் உண்டாகிறது.

புதிதாக வார்த்த பிளேடு வழவழப்பாகத்தானே இருக்கிறது? சொரசொரப்பு எங்கிருந்து வருகிறது?

கைக்கு வழவழப்பாக இருப்பது படலத்துக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. வார்ப்பிலிருந்து வந்த பரப்பிலேயே ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் சராசரிச் சொரசொரப்பு இருக்கும். பிளாஸ்மா முறையில் தெளித்த வெப்பத்தடுப்புப் பூச்சை மெருகேற்றாமல் விட்டால் 10 மைக்ரோமீட்டர் வரை போகும். ஓடத் தொடங்கிய பின் தூசும் எரிபொருள் கசடும் படிகின்றன, துகள்கள் அரிக்கின்றன, சூட்டில் குழிகள் விழுகின்றன, பூச்சு செதில் செதிலாகக் கழல்கிறது.

இதன் உச்சம் எரிமலைச் சாம்பல். 1982 ஜூன் 24 அன்று ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானத்தின் 4 எஞ்சின்களும் நின்றுபோயின. சாம்பல் எரியறையில் உருகி, டர்பைன் பகுதியில் கண்ணாடிபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றாட ஓட்டத்தில் நடப்பது இதே வேலையின் மிக மெதுவான வடிவம்.

சொரசொரப்பு எப்போதும் கெடுதல்தானே?

இல்லை. நாங்கள் மிக அதிகமாகப் பதில் சொல்லும் கேள்வி இது, மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

பரப்பு எவ்வளவு சொரசொரப்பு என்பதைவிட, அது படலத்துக்கு எவ்வளவு தெரிகிறது என்றுதான் பார்க்க வேண்டும். அதற்கான எண் எளிது. ஓட்ட வேகத்தைச் சொரசொரப்பின் சமான மணல் உயரத்தால் (இது என்ன என்பது அடுத்த கேள்வியில்) பெருக்கி, காற்றின் இயக்கப் பாகுத்தன்மையால் (பாகுத்தன்மையை அடர்த்தியால் வகுத்தது) வகுத்தால் சொரசொரப்பு ரெனால்ட்ஸ் எண் கிடைக்கும். ஜெர்மனியில் ஃபைன்ட் 1956இல் வெளியிட்ட அளவீடுகளின்படி இந்த எண் ஏறத்தாழ 120ஐத் தாண்டும்போதுதான் சொரசொரப்பு நிலைமாற்றத்தை முன்னுக்கு இழுக்கத் தொடங்குகிறது. பரப்போடு ஒட்டியோடும் லேமினார் படலத்துக்கு, வரும் காற்று அமைதியாக இருக்கும்போது, இன்றும் இது நல்ல முதல் மதிப்பீடு.

இரண்டு பிளேடுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது உயரழுத்த டர்பைனில் இருக்கிறது. நீளம் 50 மி.மீ., வெளியேறும் வேகத்தையும் இந்த நீளத்தையும் கொண்டு அதே முறையில் கணக்கிட்ட ரெனால்ட்ஸ் எண் 10 லட்சம், பூச்சின் சமான மணல் உயரம் 60 மைக்ரோமீட்டர். சொரசொரப்பு ரெனால்ட்ஸ் எண் 1200 வருகிறது. முன்விளிம்பைத் தாண்டியதுமே படலம் டர்புலன்ட் ஆகிவிடும், உராய்வு ஏறும், படலம் தடிக்கும். கெடுதலைத் தவிர வேறொன்றும் இல்லை.

இரண்டாவது குறையழுத்த டர்பைனில் இருக்கிறது. உறிஞ்சுபக்கப் பரப்பின் (குவிந்த, அழுத்தம் குறைந்த பக்கம்) நீளம் 30 மி.மீ., ரெனால்ட்ஸ் எண் 1 லட்சம், சமான மணல் உயரம் 10 மைக்ரோமீட்டர். எண் 33தான். ஒட்டியோடும் படலம் இந்தச் சொரசொரப்பைக் கண்டுகொள்ளாது. ஆனால் இந்தப் பிளேடில் வேறொரு சிக்கல் உண்டு. உறிஞ்சுபக்கத்தில் வேக உச்சத்தைத் தாண்டியதும் எதிர் அழுத்தம் ஏறும், லேமினார் படலம் அதைத் தாங்காமல் பரப்பைவிட்டுக் கிளம்பும், அடியில் பிரிவுக் குமிழி உண்டாகும். அங்கே சொரசொரப்பு விதைக்கும் சிறு அதிர்வுகூட, கிளம்பிய படலத்தில் வேகமாகப் பெருகி நிலைமாற்றத்தை முன்னே கொண்டுவரும். குமிழி சுருங்கும், இழப்பு குறையும். விமானம் உயரே பறக்கையில், காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும்போது, கிடைக்கும் நன்மை இது. விமானம் தரையிலிருந்து எழும்போதோ ரெனால்ட்ஸ் எண் பல மடங்கு கூடும், அதே பிளேடில் அதே சொரசொரப்பு இழப்பைக் கூட்டத் தொடங்கும். ஆகவே ஒரே ஒரு ரெனால்ட்ஸ் எண்ணில் சோதித்துவிட்டு நல்லது, கெட்டது என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

சமான மணல் உயரம் என்றால் என்ன? சராசரிச் சொரசொரப்பு போதாதா?

கோட்டிங்கனில் நிக்குராட்ஸே சலித்தெடுத்த மணலைக் குழாய்களுக்குள் அரக்குப்பூச்சால் ஒட்டி உராய்வை அளந்தார். முடிவுகள் 1933இல் வெளிவந்தன. அதன்பின் எந்தப் பரப்பையும், அதே உராய்வைத் தரும் அவருடைய மணலின் உயரமாகச் சொல்லும் வழக்கம் வந்தது. 1936இல் ஷ்லிக்டிங் இதை முறைப்படுத்தினார். ஆகவே சமான மணல் உயரம் என்பது ஓட்டத்தின் விளைவைக் குறிக்கும் எண். பரப்பின் மேல் ஊசியை ஓட்டி அதை நேரடியாகப் படிக்க முடியாது.

சராசரிச் சொரசொரப்பை 6.2ஆல் பெருக்கினால் போதும் என்று கோக், ஸ்மித் இருவரும் 1976இல் கம்ப்ரெஸர் பிளேடுகளுக்குச் சொன்ன விதி இன்னும் புழக்கத்தில் உள்ளது. முதல் கணக்குக்கு அதை எடுத்துக்கொள்ளலாம், அறிக்கையில் முடிவாக எழுதக் கூடாது. காரணம், சராசரிக்கு மேடும் பள்ளமும் ஒன்றுதான், காற்றுக்கு அப்படி இல்லை. படிவுகள் மேடுகளாக நீட்டிக்கொண்டு நிற்கும், அரிப்புக் குழிகள் பரப்புக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். இந்த வேறுபாட்டைச் சொல்வது கோட்டக்கெழு: மேடுகள் மிகுந்தால் கூட்டல், குழிகள் மிகுந்தால் கழித்தல்.

ஃப்ளாக், ஷல்ட்ஸ் 2010இல் தந்த சூத்திரம் இதைக் கணக்கில் கொள்கிறது. சராசரி இருமடிமூல (RMS) உயரத்தை 4.43ஆல் பெருக்கி, அதை மீண்டும் 'ஒன்று கூட்டல் கோட்டக்கெழு' என்பதன் 1.37 அடுக்கால் பெருக்க வேண்டும். கோட்டக்கெழு +0.5 உள்ள படிவுப் பரப்புக்கு இருமடிமூல உயரத்தைப் போல் 7.7 மடங்கு வரும். -0.5 உள்ள குழிப் பரப்புக்கு 1.7 மடங்குதான். உயரம் ஒன்றே, ஓட்டத்துக்குத் தெரியும் சொரசொரப்பில் நாலரை மடங்கு வித்தியாசம். சராசரிச் சொரசொரப்பை மட்டும் தரும் சோதனை அறிக்கையை வைத்து மற்றவர் ஒன்றும் செய்ய முடியாது. பரப்பின் முழு உயரத் தரவையே சேர்த்துக் கொடுங்கள்.

பரப்பை அளக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

வெட்டு நீளத்தில், அதாவது இதைவிட அகன்ற ஏற்ற இறக்கங்களை வடிகட்டி நீக்கிவிடும் நீளத்தில். சராசரிச் சொரசொரப்பு 2 முதல் 10 மைக்ரோமீட்டர் வரை இருந்தால் 2.5 மி.மீ. வெட்டு நீளம், 5 வெட்டுகள் சேர்த்து 12.5 மி.மீ. அளவுப்பாதை என்பது வழக்கம். 0.8 மி.மீ. என்று வைத்துவிட்டால் அகன்ற மேடுகள் வடிகட்டியில் காணாமல் போகும். பிளேடின் வளைவை முதலில் கழித்துவிடுங்கள், இல்லையென்றால் வளைவும் சொரசொரப்பாகக் கணக்கில் ஏறிவிடும். எஞ்சினைவிட்டு வெளியே எடுக்க முடியாத பிளேடுக்கு சிலிக்கோன் அச்சு எடுத்து அளக்கலாம். அச்சில் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறியிருக்கும். கோட்டக்கெழுவின் குறியைத் திருப்பிப் போட மறந்தால் மேலே சொன்ன நாலரை மடங்கு தவறு அப்படியே உங்கள் கணக்கில் வந்து உட்காரும்.

மாதிரியை ஏன் பெரிதாகச் செய்கிறார்கள்?

30 மி.மீ. பிளேடில் படலத்தின் தடிமன் மி.மீ.யில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் எந்தக் கருவியை நுழைப்பது? பத்து மடங்கு பெரிதாக்கி 300 மி.மீ. பரப்பாகச் செய்தால், நடுவில் படலம் 3 மி.மீ.க்குச் சற்று மேல் தடித்திருக்கும், வசதியாக அளக்கலாம். ரெனால்ட்ஸ் எண் 1 லட்சம் வேண்டுமானால் வேகம் நொடிக்கு 5 மீட்டர் போதும். இயக்கப் பாகுத்தன்மையை 20 டிகிரியில் நொடிக்கு 15.1 சதுர மி.மீ. என்று நினைவில் வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கெல்லாம் மனக்கணக்காகவே வரும்.

சொரசொரப்பும் அதே விகிதத்தில் வளர வேண்டும். பிளேடில் 10 மைக்ரோமீட்டர் என்றால் மாதிரியில் 100 மைக்ரோமீட்டர். நிஜப் பிளேடின் மெருகை அப்படியே பெரிய மாதிரிக்கும் கொடுத்து, 'அதே சொரசொரப்பில் சோதித்தோம்' என்று எழுதுவது இந்தத் துறையில் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் பிழை.

தட்டையான பலகை போதுமா, பிளேடு வரிசையே வேண்டுமா?

படலத்துக்குள் நடப்பதைப் பார்க்கப் பலகை நல்லது. காற்றுச் சுரங்கத்தின் மேல்சுவரை வளைத்து, பலகையின்மேல் பிளேடின் உறிஞ்சுபக்க அழுத்தப் பரவலையே உண்டாக்கலாம். எதிர் அழுத்தப் பகுதியில் மேல்சுவரில் ஓட்டம் பிரிந்துவிடாதபடி அங்கே காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லையேல் பலகையில் வர வேண்டிய குமிழி மேல்சுவருக்குப் போய்விடும். முன்விளிம்பை 6:1 நீள்வட்டமாகச் சீவி, பின்னால் ஒரு மடக்குப் பலகை வைத்து, காற்று மோதி நிற்கும் புள்ளியை அளக்கும் பக்கத்திலேயே நிறுத்துங்கள். முழு இழப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் பிளேடு வரிசைதான் வழி. டி106 என்ற குறையழுத்த டர்பைன் வடிவத்தைப் பல ஆய்வுக்கூடங்கள் சோதித்திருப்பதால், ஒப்பிட்டுப் பார்க்க அது கைகொடுக்கும்.

உப்புத்தாளை ஒட்டிவிட்டால் சொரசொரப்பு தயார்தானே?

ஒட்டுவது எளிது, சரியாக ஒட்டுவதில்தான் சோதனையின் உயிரே இருக்கிறது. பி120 உப்புத்தாளில் மணியின் சராசரி அளவு 125 மைக்ரோமீட்டர், பி180இல் 82, பி240இல் 58.5. 100 மைக்ரோமீட்டர் வேண்டிய இடத்தில் பி120இல் தொடங்கலாம்.

இப்போது தாளின் விளிம்பைக் கிட்டத்தில் பாருங்கள். தாள், மணி, அடியில் இருபக்க ஒட்டுநாடா எல்லாம் சேர்ந்து எளிதாக 0.4 மி.மீ. வரும். பலகையின் நடுவில் தொடங்கும் தாள், 0.1 மி.மீ. மணிகளுக்கு முன்னால் 0.4 மி.மீ. படி ஒன்றையும் காற்றின் பாதையில் வைக்கிறது. 5 மீட்டர் வேகத்தில் அந்தப் படிக்கே ரெனால்ட்ஸ் எண் 130க்கு மேல், மணிக்கு 33. நிலைமாற்றத்தைக் கொண்டுவந்தது படி, பெயர் மணிக்குப் போகும். நேர்த்தியான, மீண்டும் மீண்டும் அப்படியே கிடைக்கும், ஆனால் முழுக்கத் தவறான முடிவு இது. மீண்டும் கிடைக்கிறது என்பதாலேயே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

தப்பிக்க இரண்டு வழி. பலகையைத் தாளின் தடிமன் அளவுக்குக் குடைந்து, மணிகளின் அடிமட்டம் பலகையோடு சமமாக இருக்கும்படி பதிக்கலாம். அல்லது முன்விளிம்பைச் சுற்றி மறுபக்கம் வரை ஒரே தாளால் போர்த்தி, தொடக்க விளிம்பே அளக்கும் பக்கத்தில் இல்லாமல் செய்யலாம். எந்த வழியானாலும், ஒப்பீட்டுக்கு வெறும் பலகையை எடுக்காதீர்கள். அதே தடிமனுள்ள வழவழப்பான தாளை அதே நாடாவால் ஒட்டி அதைத்தான் 'வழவழப்பு' என்று அளக்க வேண்டும். பிளேடு வரிசையில் இது இன்னும் முக்கியம். தாளின் தடிமன் பிளேடையும் பின்விளிம்பையும் தடிப்பாக்கி, இரு பிளேடுகளுக்கு இடையிலான கழுத்தைக் குறுக்கிவிடும்.

குமிழ் விழாமல் ஒட்ட, நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் ரப்பர் உருளையால் தள்ளுங்கள். நிலையழுத்தத் துளைகளைத் தாளுக்கு மேலிருந்து சூடான ஊசியால் குத்தாதீர்கள், உருகிய பசை துளையைச் சுற்றி வரம்பு கட்டும். துளைகளை வைக்க நல்ல இடம் மேல்சுவர் அல்லது தாள் ஒட்டாத பக்கவாட்டுப் பட்டை.

மணியின் அளவையே சமான மணல் உயரமாக எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது, தனியாக அளக்க வேண்டும். அதில் ஒரு சங்கடம் உண்டு. சமான மணல் உயரம் தெளிவாகக் கிடைப்பது முழுச் சொரசொரப்பு நிலையில்தான், அதாவது சுவர் அலகுகளில் (உயரத்தை, சுவர் உராய்விலிருந்து கணக்கிடும் உராய்வு வேகத்தால் பெருக்கி, இயக்கப் பாகுத்தன்மையால் வகுத்தது) உயரம் 70ஐத் தாண்டும்போது. 5க்குக் கீழே பரப்பு வழவழப்பு போலவே நடக்கும். நம் 100 மைக்ரோமீட்டர் பரப்பு நொடிக்கு 15 மீட்டரில்கூட 5ஐத்தான் எட்டும். 70க்குக் கொண்டுபோக நொடிக்கு 150 மீட்டருக்கும் மேலான வேகம் வேண்டும், குறைவேகச் சுரங்கத்தில் அது நடக்காது.

அதனால் இதே குடும்பத்தின் முரட்டுத் தாளை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். பி24இன் மணி 764 மைக்ரோமீட்டர். 25 மீட்டர் வேகத்தில் அது 70ஐ எட்டிவிடும். அங்கே கிடைக்கும் விகிதத்தை பி120க்குக் கொண்டுவருமுன் இரண்டின் பரப்புத் தரவையும் ஒப்பிடுங்கள். கோட்டக்கெழு ஒத்துப்போனால் தொடரலாம். ஒத்துப்போகாவிட்டால் மேலே சொன்ன சூத்திரத்தோடு நின்று, பிழை வரம்பை அகலமாகக் கொடுங்கள்.

ஹாட் வயரைச் சுவருக்கு எவ்வளவு அருகில் கொண்டுபோகலாம்?

ஹாட் வயர் என்பது சூடேற்றிய நுண்கம்பி குளிரும் அளவிலிருந்து காற்றின் வேகத்தை அளக்கும் கருவி. அதன் 5 மைக்ரோமீட்டர் டங்ஸ்டன் கம்பி உப்புத்தாளின் மணியில் உரசினால் அந்தக் கணமே போய்விடும். வழவழப்பான சுவரில் கம்பியையும் அதன் பிரதிபலிப்பையும் தொலைநோக்கியில் பார்த்து இடைவெளியைக் கணக்கிடலாம். உப்புத்தாளில் பிரதிபலிப்பு இருக்காது. மணிகளின் முகட்டின்மேல் 0.20 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு ஒன்றைப் படுக்கவைத்து, அதில் விழும் பிரதிபலிப்பைப் பார்த்துக் கம்பியை நிறுத்துங்கள். பிறகு தகட்டை உருவிவிடலாம். முகட்டிலிருந்து உயரம் இப்போது தெரியும்.

சுவரை ஒட்டிய சில புள்ளிகளில் கம்பியின் சூடு சுவருக்கும் போவதால், வேகம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். வேக விவரத்தில் (உயரத்துக்கு உயரம் வேகம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) திடீரென்று மேல்நோக்கி வளையும் வால் அதுதான். அந்தப் புள்ளிகளை வெட்டிவிடுங்கள், பொருத்தத்தில் சேர்க்காதீர்கள். அறை வெப்பம் 1 டிகிரி நகர்ந்தால் வேகத்தில் 2 சதவீதம் அளவுக்குத் தவறு வரும். ஒவ்வொரு புள்ளியோடும் வெப்பநிலையைப் பதிந்து திருத்துங்கள்.

சொரசொரப்புச் சுவரில் உராய்வை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரெஸ்டன் குழாயை (சுவரில் ஒட்டிவைத்து உராய்வை அளக்கும் சிறு அழுத்தக் குழாய்) மறந்துவிடுங்கள். அதன் அளவீடு வழவழப்புச் சுவரின் மடக்கை விதியை (சுவரிலிருந்து உள்ள தூரத்தின் மடக்கையோடு வேகம் ஏறும் என்ற விதி) நம்பியது. வேக விவரத்தையே மடக்கை விதியில் பொருத்தலாம் என்றால் தெரியாதவை மூன்று: உராய்வு வேகம், முகட்டுக்குக் கீழே உண்மையான பூஜ்ய மட்டம், கோடு எவ்வளவு கீழே இறங்கியது என்பது. மூன்றையும் ஒரே கோட்டில் தேடினால் கணினி ஏதோ ஒரு விடை தரும், அழகாகவும் பொருந்தும், நம்பத்தான் முடியாது. உராய்வைத் தனியாகக் கொண்டுவர வேண்டும். மிதக்கும் தகட்டுத் தராசு சிறந்தது. இல்லாவிட்டால் நெருக்கமாக எடுத்த பல விவரங்களிலிருந்து உந்தத் தடிமனின் (படலத்தில் காற்று இழந்த உந்தத்தின் அளவு) வளர்ச்சியைக் கணக்கிடலாம். அப்போதும் பூஜ்ய மட்டம் முகட்டுக்கும் அடிக்கும் இடையில்தான் இருக்க வேண்டும், வெளியே போனால் பொருத்தம் தவறு.

பிரிவுக் குமிழிக்குள் ஹாட் வயர் சரியாகக் காட்டுமா?

காட்டாது. காற்று முன்னே போகிறதா பின்னே வருகிறதா என்று அதற்குத் தெரியாது, எல்லாவற்றையும் முன்னோக்கிய வேகமாகவே எழுதும். குமிழியின் எல்லையை நிலையழுத்த விவரத்திலிருந்து எடுங்கள். அழுத்தம் ஏற வேண்டிய இடத்தில் மேடை போலத் தட்டையாக நின்றால் அங்கே குமிழி தொடங்கிவிட்டது, மேடை முடிந்து செங்குத்தாக ஏறும் இடத்தில் நிலைமாற்றம். சொரசொரப்பு வேலை செய்தால் மேடையின் தொடக்கம் அதிகம் நகராது, முடிவு முன்னே வரும்.

பின்னோட்டமும் வேண்டுமானால் பிஐவி, அதாவது காற்றில் விட்ட துகள்களை லேசர் ஒளியில் அடுத்தடுத்துப் படமெடுத்து வேகத்தை அளக்கும் முறை. உப்புத்தாளின் மணிகள் லேசரைத் தாறுமாறாகச் சிதறடித்து, சுவரை ஒட்டிய பகுதியை வெள்ளையாக்கிவிடும். பச்சை லேசரை வாங்கி ஆரஞ்சு ஒளியாக விடும் ரோடமைன் சாயம் கலந்த மெல்லிய பூச்சும் கேமராவில் பச்சையை மட்டும் விடும் வடிகட்டியும் பெரிதும் உதவும். பூச்சு மணிகளுக்கு இடையில் தேங்கினால் சொரசொரப்பே குறைந்துவிடும், ஆகவே பூசிய பின் மறுபடி பரப்பை அளக்க வேண்டும்.

இழப்பு அளவீடு நாளுக்கு நாள் மாறுகிறதே?

முதலில் அழுத்தமானியைப் பாருங்கள். 5 மீட்டர் வேகத்தில் இயக்க அழுத்தம் வெறும் 15 பாஸ்கல். இழப்பு அதில் 3 சதவீதம் என்றால் 0.45 பாஸ்கல். 1000 பாஸ்கல் வீச்சுள்ள, வீச்சில் 0.1 சதவீதம் துல்லியம் உள்ள நல்ல கருவிகூட 1 பாஸ்கல் தவறும். நீங்கள் தேடும் வித்தியாசத்தைவிடக் கருவியின் தடுமாற்றம் பெரிது. சில பத்து பாஸ்கல் வீச்சுள்ள வேறுபாட்டு அழுத்தமானியை வாங்குங்கள், கால் மணிக்கு ஒருமுறை பூஜ்யம் பாருங்கள், ரப்பர் குழாய்களில் வெயில் படாமல் வையுங்கள். வழவழப்பு, சொரசொரப்பு, மறுபடி வழவழப்பு என்று மாற்றி மாற்றி ஓட்டினால், கருவி நகர்ந்ததா ஓட்டம் மாறியதா என்பது தெரிந்துவிடும்.

அமைதியான காற்றில் கிடைத்த முடிவு எஞ்சினுக்குப் பொருந்துமா?

நேரடியாகப் பொருந்தாது. எஞ்சினில் காற்று ஏற்கெனவே கலங்கி வருகிறது. போதாததற்கு முன்வரிசைப் பிளேடுகளின் பின்சுவடு (பிளேடுக்குப் பின்னால் நீளும் மெதுவான, கலங்கிய காற்று) ஒவ்வொன்றாக வந்து அடித்துவிட்டுப் போகிறது. பின்சுவடு கடக்கும்போது குமிழி அடங்கும், அதன்பின் சிறிது நேரம் படலம் அமைதியாக ஒட்டியிருக்கும், அடுத்தது வருமுன் மறுபடி கிளம்பப் பார்க்கும். சொரசொரப்புக்கு வேலை இருப்பது அந்த இடைவெளியில்தான். ஆகவே நிலையான ஓட்டத்தில் பெரிதாகத் தெரிந்த நன்மை பின்சுவடுகளோடு சுருங்கிவிடக்கூடும். சுரங்கத்தில் வலை வைத்துக் கலக்கத்தை 4 சதவீதம் வரை ஏற்றியும், முன்னால் உருளைக் கம்பிகளை ஓடவிட்டும் சோதிக்காமல் வடிவமைப்பாளரிடம் எண்ணைக் கொடுக்காதீர்கள்.

உராய்வு கூடும் அளவுக்கு வெப்பமும் கூடுமா?

கூடும், அதே அளவுக்கு அல்ல. மணியின் முன்பக்கம் கூடுதல் அழுத்தமும் பின்பக்கம் குறைந்த அழுத்தமுமாக உண்டாகும் இழுவைக்கு வெப்பப் பரிமாற்றத்தில் இணை கிடையாது. உராய்விலிருந்து வெப்பத்தை ஊகித்தால் மிகையாக வரும். வெப்பத்தைத் தனியே அளக்க வேண்டும்.

பிளேடு முழுவதையும் மெருகேற்றப் பணமில்லை. எந்த இடத்தை முதலில் பார்ப்பது?

உயரழுத்த டர்பைனில் உறிஞ்சுபக்கம், அதிலும் முன்விளிம்பிலிருந்து வேக உச்சம் வரை. வேகம் அங்கேதான் அதிகம், படலம் அங்கேதான் மெல்லியது, அதே மணி அங்கேதான் மிகப் பெரிதாகத் தெரியும். அழுத்தப்பக்கத்தின் பெரும்பகுதியில் வேகம் குறைவு, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சோதனையில் இதைச் சரிபார்க்க, உறிஞ்சுபக்கத்தை மூன்று பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக உப்புத்தாளை எடுத்துவிட்டு வழவழப்பான தாளை வைத்து ஓட்டுங்கள். தாள் மாறினாலும் தடிமன் மாறக் கூடாது.